வீண் எது, வினை எது?

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை ஆகிய ஊர்களைக் கடந்து, களியக்காவிளையில் தமிழ்நாட்டிற்குள் நுழைகிறது. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டபோது, பழைய திருவிதாங்கூரின் தென்பகுதியான விளவங்கோடு முதலிய வட்டங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எனினும் இந்த எல்லைக் கிராமங்களில் தமிழும் மலையாளமும் ஒரே தெருவில், சில வீடுகளில் ஒரே திண்ணையில் பேசப்படுகின்றன.

பாலராமபுரத்திலிருந்து எல்லை வரை ஏறத்தாழ இருபது கிலோமீட்டர்தான். இந்தச் சிறிய தூரத்தில் தறியில் உழைப்பவர் உண்டு. சாலையில் சரக்கு ஏற்றிச் செல்பவர் உண்டு. அலுவலகத்தில் கோப்பு எழுதுபவர் உண்டு. இம்மூவரின் பணியையும் சற்று உற்று நோக்கினால், கர்மயோகத்தை வாழ்வில் கடைப்பிடிக்க விரும்பும் எவருக்கும் பயன்படும் பாடம் ஒன்று கிடைக்கிறது. வேலையில் வீணாவது எது? அதை எப்படி அடையாளம் காண்பது? களைவது எப்படி? இம்மூன்று கேள்விகளுமே இக்கட்டுரையின் பொருள்.

இரண்டு நிறுத்தங்கள்

நெய்யாற்றின்கரையைத் தாண்டியதும் வருவது அமரவிளை. கேரளத்தின் முக்கியமான வணிகவரிச் சோதனைச்சாவடிகளுள் ஒன்று பல காலம் இங்கே இயங்கியது. தமிழ்நாட்டிலிருந்து காய்கறி, அரிசி, சிமெண்ட், துணி என ஏற்றி வரும் லாரிகள் இங்கே நின்றாக வேண்டும். ஓட்டுநர் இறங்கி, காகிதங்களை எடுத்துக்கொண்டு, வரிசையில் நிற்பார். அவர் நிற்கும் நேரமெல்லாம் லாரி நிற்கும். லாரி நிற்கும் நேரமெல்லாம் காய்கறி வாடும். சந்தையில் கூடையோடு காத்திருக்கும் பெண்ணின் காலைப் பொழுதும் கழியும்.

இந்த நிறுத்தத்திற்கு ஒரு நோக்கம் இருந்தது. வரி ஏய்ப்பைத் தடுப்பது நியாயமான நோக்கமே. ஆனால் நோக்கத்தோடு காத்திருப்பும் ஒட்டிக்கொண்டது. ஆண்டுகள் செல்லச் செல்ல இரண்டும் ஒன்றே என்று எல்லோரும் நம்பத் தொடங்கினர். "சாவடி என்றால் வரிசை இருக்கத்தான் செய்யும்" என்பது சாலையின் இயற்கை விதிபோல் ஆகிவிட்டது.

2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தது. கேரளத்திலும் வேறு பல மாநிலங்களிலும் வணிகவரிச் சோதனைச்சாவடிகள் விலக்கப்பட்டன. 2018 ஏப்ரல் 1 முதல், மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் சரக்குக்கு மின்வழிச் சீட்டு கட்டாயமாயிற்று. சரக்கு புறப்படும் முன்பே அதன் விவரம் பதிவாகிவிடுகிறது. தேவையானபோது அதிகாரிகள் வழியில் சோதிக்கலாம். கண்காணிப்பு ஒழியவில்லை, சாவடியில் நிற்கும் வரிசைதான் ஒழிந்தது. பிரிக்கவே முடியாது என்று எண்ணப்பட்ட நோக்கமும் காத்திருப்பும் தனித்தனியே பிரிந்து நின்றன.

இந்த நிகழ்ச்சியைக் கண்டு, "நிறுத்தங்கள் எல்லாமே வீண்" என்று ஒருவர் முடிவு செய்தால், அதே சாலை அவரைத் திருத்தும். சில கிலோமீட்டர் தள்ளிப் பாறசாலையில் கேரளப் பால்வளத் துறையின் பால் சோதனை நிலையம் உள்ளது. எல்லை தாண்டி வரும் பால் வண்டிகள் நிறுத்தப்பட்டு, பாலில் கலப்படம் உண்டா என்று மாதிரி எடுத்துச் சோதிக்கப்படுகிறது. ஓணம் போன்ற பண்டிகைக் காலங்களில், பாலின் தேவை பெருகும்போது, இந்தச் சோதனை மேலும் முக்கியத்துவம் பெறுகிறது. இங்கும் வண்டி நிற்கிறது. இங்கும் நேரம் செல்கிறது. ஆனால் இந்த நேரம் அந்தப் பாலை அருந்தப்போகும் குழந்தையின் உடல்நலமாக மாறுகிறது.

வெளித்தோற்றத்தில் இரண்டும் நிறுத்தங்களே. ஒன்றை விலக்கியதால் எல்லோருக்கும் நன்மை விளைந்தது. மற்றொன்றை விலக்கினால் தீமை விளையும். ஆகவே வேகம் என்பது வீணை அளக்கும் கோல் அன்று. "இந்தச் செயல் யாரைச் சென்றடைகிறது? அவருக்கு என்ன நன்மை தருகிறது?" என்னும் கேள்வியே சரியான அளவுகோல். சாத்திரங்கள் விவேகம் என்று சொல்வது, நிலையானதையும் நிலையற்றதையும் பிரித்தறியும் ஆற்றலை. அன்றாடப் பணியில் அதே ஆற்றல், பயன் உள்ளதையும் பயன் அற்றதையும் பிரித்தறியும் கண்ணாகச் செயல்படுகிறது.

குழித்தறியின் நிதானம்

பாலராமபுரத்திற்கு வருவோம். திருவிதாங்கூர் மன்னர் பாலராமவர்மரின் பெயரைத் தாங்கிய இவ்வூரில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாலியர் குல நெசவாளர்கள் தென் தமிழ்ப் பகுதியிலிருந்து அழைத்து வரப்பட்டுக் குடியமர்த்தப்பட்டனர். அவர்களுடைய வழித்தோன்றல்களும், அவர்களிடமிருந்து தொழில் கற்ற பிறரும், கசவுக் கரையிட்ட மெல்லிய பருத்தித் துணிகளை இன்றும் கையால் நெய்கின்றனர். 2009-10ஆம் நிதியாண்டில் பாலராமபுரம் சேலைகளுக்கும் மெல்லிய பருத்தித் துணிகளுக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது.

இங்கே பாவு நூலுக்குக் கஞ்சி போடும் வேலை தெருவில் நடக்கும். வெயில் ஏறுமுன் நூலைத் தெருவின் நீளத்திற்கு நீட்டிக் கட்டுவார்கள். பலர் சேர்ந்து கஞ்சி தடவி, இழை இழையாகப் பிரியும்படி தூரிகையால் நீவுவார்கள். மழை வந்தால் வேலை நிற்கும். பிறகு நெசவாளர் குழித்தறியின் விளிம்பில் அமர்ந்து, குழிக்குள் கால்களால் மிதிகட்டையை மிதித்தபடி, நாடாவை ஒரு கையால் எறிந்து மறு கையால் பிடித்து நெய்வார். கயிற்றை இழுத்தால் நாடா தானே ஓடும் தறிகள் பல இடங்களில் வந்து பல காலம் ஆன பின்பும், நாடாவைக் கையால் எறியும் இம்முறை இங்கே தொடர்ந்து வந்திருக்கிறது.

கையில் கடிகாரத்தோடு ஒரு திறன் ஆய்வாளர் இத்தெருவுக்கு வந்தால் என்ன சொல்வார்? "தெருவில் கஞ்சி போடுவது நேர விரயம்; நாடாவைக் கையால் எறிவது உழைப்பு விரயம்; ஒரு துணிக்கு இத்தனை நாட்கள் செலவிடுவது எல்லாவற்றிலும் பெரிய விரயம்" என்று அவர் எழுதிக் கொடுக்கலாம். அவருடைய கணக்கில் பிழை இராது. ஆனால் அவர் விலக்கச் சொல்லும் படிகளை எல்லாம் விலக்கிய பிறகு கிடைக்கும் துணி, பாலராமபுரத்துத் துணியாக இராது. நூலின் மென்மையும் நெசவின் சீர்மையும் இரு புறமும் ஒத்திருக்கும் கரையும் அந்த நிதானத்திலிருந்தே பிறக்கின்றன. துணியை உடுத்துபவரின் கைக்கு வந்து சேர்வது அந்த நிதானம்தான். ஆகவே அது வீண் அன்று, அதுவே வினை.

அப்படியானால் நெசவுத் தொழிலில் வீணே இல்லையா? உண்டு, ஆனால் அது பெரும்பாலும் தறிக்கு வெளியே இருக்கிறது. நூல் வந்து சேரும் வரை தறி சும்மா கிடப்பது வீண். பண்டிகைக்காகக் குவித்த துணி, பண்டிகை முடிந்த பிறகு அடுக்கில் தங்கிக் கிடப்பது வீண். நெசவாளருக்கும் உடுத்துபவருக்கும் நடுவே பல கைகள் மாறி, விலை ஏறிக்கொண்டே சென்று, கூலி மட்டும் ஏறாமல் நிற்பது வீண். 2017இல் கேரள அரசு, அரசுப் பள்ளிச் சிறுவர்களுக்குக் கைத்தறிச் சீருடை வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஆண்டு முழுவதும் தறிக்கு வேலை கொடுத்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் நெய்து கொடுத்த துணிக்குக் கூலி மாதக்கணக்கில் நிலுவையில் நின்றதாகப் பின்னாளில் செய்திகள் வந்தன. நாடாவை எவ்வளவு விரைவாக எறிந்தாலும், கூலி ஒரு மேசையில் உறங்கினால், அந்த விரைவால் யாருக்கு என்ன பயன்?

இங்கே ஓர் உண்மை வெளிப்படுகிறது. வீணைத் தேடிப் புறப்படுபவர்கள் பொதுவாகக் கீழே உள்ளவரின் கைகளைப் பார்க்கிறார்கள். ஆனால் வீண் பெரும்பாலும் மேலே உள்ளவர் வகுத்த ஒழுங்கில் ஒளிந்திருக்கிறது. தவறான இடத்தில் கத்தியை வைத்தால் இழப்பு பெரிது. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் தறியைவிட்டு வேறு வேலை தேடிச் செல்கிறார்கள். அவர்களைத் துரத்துவது தறியின் நிதானம் அன்று. தறியைச் சுற்றியுள்ள காத்திருப்பும் குறைந்த வருவாயும்தான். நிதானத்தை வீண் என்று தவறாகக் கருதி வெட்டி, காத்திருப்பை வழக்கம் என்று தவறாகக் கருதி விட்டுவைத்தால், இரு நூற்றாண்டுக் கைத்திறன் ஒரு தலைமுறையிலேயே மறையக்கூடும்.

சுண்ணக்கட்டி வட்டம்

வேலையில் வீண் எது என்பதை நுணுகி ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர் ஜப்பானின் டொயோட்டா நிறுவனத்தைச் சேர்ந்த தைச்சி ஓனோ (1912-1990). இரண்டாம் உலகப்போருக்குப் பின் பொருளும் பணமும் அரிதாக இருந்த நாட்டில், எதையும் வீணாக்க வழியில்லாத சூழலில், அவர் வீணை ஏழாக வகுத்தார்: தேவைக்கு மேல் உற்பத்தி செய்தல், காத்திருத்தல், பொருளை வேண்டாமல் இடம் மாற்றுதல், தேவைக்கு மேல் மெருகேற்றுதல், வேண்டாத இருப்பைச் சேர்த்து வைத்தல், ஆள் வேண்டாமல் அலைதல், பிழையாகச் செய்து மீண்டும் செய்தல். இவற்றுள் தேவைக்கு மேல் செய்வதையே அவர் கொடியதாகக் கருதினார். ஏனெனில் மற்ற வீண்கள் அதன் நிழலில் ஒளிந்துகொள்கின்றன.

இந்த வகைப்பாட்டைவிடச் சுவையானது அவர் கற்பித்த முறை. தொழிற்கூடத்தின் தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் வரைவார். பொறியாளரை அதனுள் நிறுத்தி, "இங்கேயே நின்று பார்" என்பார். குறுக்கிடக் கூடாது, ஆணையிடக் கூடாது, பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மணிக்கணக்கில் நின்ற பிறகுதான், தினமும் கண்ணெதிரே இருந்தும் காணாதவை ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கும்.

வேதாந்தம் பயில்பவருக்கு இது புதியதன்று. மனத்தின் ஓட்டங்களைச் சாட்சியாக நின்று நோக்குக என்பதே அங்கும் முதல் பயிற்சி. எண்ணத்தோடு சேர்ந்து ஓடுபவருக்கு எண்ணம் தெரிவதில்லை. வேலையோடு சேர்ந்து ஓடுபவருக்கு வேலையில் உள்ள வீண் தெரிவதில்லை. ஓடுவதை நிறுத்தி ஒரு வட்டத்துக்குள் நிற்பவருக்கே இரண்டும் புலப்படுகின்றன.

வேர் மனத்தில் உள்ளது

சாட்சியாக நின்று பார்த்தால், ஏழு வீண்களும் தொழிற்கூடத்தில் மட்டும் பிறப்பவை அல்ல என்பது தெரியும். கீதை முக்குணங்களின் அடிப்படையில் செயலையும் செய்பவனையும் வகுத்துக் காட்டுகிறது. அந்த விளக்கை இங்கும் ஏந்திப் பார்க்கலாம்.

காத்திருக்க வைத்தலும் பிழையாகச் செய்து மீண்டும் செய்தலும் பெரும்பாலும் தமோகுணத்தின் பிள்ளைகள். இன்று கையெழுத்திட வேண்டிய கோப்பை அடியில் தள்ளுவது, கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதைக் கேட்காமல் அரைகுறையாகச் செய்வது, "இதுவரை இப்படித்தான் நடந்தது" என்று சிந்திக்காமல் தொடர்வது ஆகியவை மடிமையின் முகங்கள்.

தேவைக்கு மேல் செய்தலும் சேர்த்தலும் அலைதலும் ரஜோகுணத்தின் பிள்ளைகள். பிறர் காண வேண்டும் என்பதற்காக எழுதும் நீண்ட அறிக்கை, யாருக்கும் பயன்படாத கூட்டம், பரபரப்பையே உழைப்பு என்று எண்ணி ஓடும் ஓட்டம் ஆகியவை ஆரவாரத்தின் முகங்கள். தாமசனை எளிதில் அடையாளம் காணலாம், அவன் தூங்குகிறான். ராஜசனைக் காண்பது கடினம், அவன் வியர்த்துக்கொண்டிருக்கிறான். ஆனால் வியர்வை எல்லாம் வினை ஆகிவிடாது.

இவ்விரண்டின் அடியிலும் அச்சம் என்ற ஒன்று மறைந்திருக்கிறது. ஒரு விண்ணப்பத்துக்கு ஐந்து கையொப்பங்கள் ஏன் தேவைப்படுகின்றன? ஐவரும் ஆராய்வதற்காக என்றால் நல்லது. பல இடங்களில், பிழை நேர்ந்தால் எவரும் பொறுப்பேற்க வேண்டாம் என்பதற்காகவே ஐந்து கையொப்பங்கள் சேர்கின்றன. சான்றிதழ் நகல்களில் அதிகாரி ஒருவரின் சான்றொப்பம் பெறுவதற்காக, ஏழை மாணவர்கள் பல தலைமுறைகளாக அலைந்தனர். 2014இல் மத்திய அரசு, விண்ணப்பதாரரே தம் நகலில் கையொப்பமிடும் முறையை ஏற்குமாறு துறைகளை அறிவுறுத்தியது. மூலச் சான்றிதழைப் பின்னர் ஒருமுறை பார்த்தால் போதும் என்ற நம்பிக்கை, எத்தனையோ நாட்களின் அலைச்சலை நீக்கியது. ஐயத்தின் இடத்தில் பொறுப்பான நம்பிக்கை அமர்ந்தவுடன் வீண் தானே கழன்றது.

கணிப்பொறி இதற்கெல்லாம் மருந்தாகுமா? கேரளத்தில் 2024 ஜனவரி முதல் நகராட்சிகளிலும் மாநகராட்சிகளிலும், 2025 ஏப்ரல் முதல் கிராமப் பஞ்சாயத்துகளிலும், 'கே-ஸ்மார்ட்' என்னும் இணையவழி ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. பிறப்புப் பதிவு, கட்டட அனுமதி போன்றவற்றுக்கு அலுவலகத்துக்கு நடக்க வேண்டிய தேவை குறையும் என்பது பெரிய நன்மை. ஆயினும் கருவி வேறு, கண் வேறு. வேண்டாத ஒரு படியை முதலில் நீக்காமல் அப்படியே கணிப்பொறியில் ஏற்றினால், காகிதத்தில் இருந்த வீண் திரைக்கு இடம் பெயர்ந்ததாகவே முடியும். முதலில் விவேகம், பிறகு கருவி என்பதே சரியான வரிசை.

இந்த வரிசையை வள்ளுவரிடமும் காணலாம். திருக்குறளில் 66ஆம் அதிகாரம் வினைத்தூய்மை. 67ஆம் அதிகாரம் வினைத்திட்பம். 68ஆம் அதிகாரம் வினைசெயல்வகை. செய்யும் முறையைப் பற்றிய அதிகாரம் இறுதியில்தான் வருகிறது. முதலில் செயல் தூயதாக இருக்க வேண்டும்; பிறகு செய்பவரின் மனம் உறுதியாக இருக்க வேண்டும்; அதன் பின்னரே முறை பற்றிய ஆராய்ச்சி. நோக்கம் தூயதாக இல்லாத இடத்தில் முறையை மட்டும் செம்மைப்படுத்தினால், தீமைதான் திறமையாக நடக்கும்.

நோக்குக்கூலி கற்பித்த பாடம்

கேரளத்தில் 'நோக்குக்கூலி' என்றொரு வழக்கம் இருந்தது. தமிழருக்கும் பொருள் விளங்கும் சொல். சரக்கை இயந்திரமோ உரிமையாளரின் ஆட்களோ இறக்கும்போது, அதைப் பார்த்துக்கொண்டு நின்றதற்காகச் சுமைத்தொழிலாளர்கள் கேட்டு வாங்கிய கூலி அது. தொழிற்சங்கங்களோடு கலந்து பேசிய பின், 2018 மே 1 முதல் இவ்வழக்கம் ஒழிக்கப்படும் என்று கேரள அரசு அறிவித்தது. அதன் பிறகும் ஆங்காங்கே அது தலைகாட்டியது. 2021இல் கேரள உயர்நீதிமன்றம் அதைக் கடுமையாகக் கண்டித்தது.

செய்யாத வேலைக்குக் கூலி கேட்பது தவறு என்பதில் ஐயமில்லை. கொடுப்பவருக்கு அது சுமை. வாங்குபவருக்கு அது தன்மான இழப்பு. ஆயினும் அத்தவற்றின் வேரையும் பார்ப்பது கர்மயோகியின் கடமை. முதுகு வளையச் சுமந்து வாழ்ந்த ஒருவரின் இடத்தில் திடீரென்று ஓர் இயந்திரம் வந்து நிற்கிறது. "நாளை என் வீட்டு அடுப்பு எப்படி எரியும்?" என்ற அச்சத்திலிருந்தே இத்தகைய வழக்கங்கள் வலுப்பெறுகின்றன. அந்த அச்சத்துக்கு விடை சொல்லாமல் வழக்கத்தை மட்டும் வெட்டினால், அது வேறு பெயரில் முளைக்கும்.

எனவே வீணைக் களைவோர் மறக்கக் கூடாத எல்லை ஒன்று உண்டு. வீண் வேலையை நீக்கலாம். வேலை செய்யும் மனிதரை வீண் என்று நீக்கக் கூடாது. ஓனோவின் வழிமுறையும் மனிதரை மதிப்பதைத் தன் தூண்களுள் ஒன்றாகக் கொண்டது. மிச்சமாகும் நேரமும் பணமும் மேலே உள்ள ஒருவரின் பையில் மட்டும் சேருமானால், தொழிலாளர் எவரும் தம் வேலையில் உள்ள வீணைச் சுட்டிக்காட்ட முன்வரமாட்டார். காட்டிக் கொடுத்தால் தமக்கே கேடு என்று அறிந்தவர் மௌனம் காப்பார். மிச்சத்தின் ஒரு பங்கு அவருக்கும் புதிய திறனாக, ஓய்வாக, ஊதியமாகத் திரும்பி வந்தால், வீணைக் காட்டும் முதல் விரல் அவருடையதாகவே இருக்கும்.

ஆற்றங்கல்லும் மஞ்சள் துணியும்

நெய்யாற்றின்கரை வட்டத்திலேயே, நெய்யாற்றின் கரையில், அருவிப்புறம் உள்ளது. 1888 சிவராத்திரியில் ஸ்ரீ நாராயண குரு அங்கே சிவப் பிரதிஷ்டை செய்தார். கோயிலுக்குள் நுழையவும் விடாமல் ஒதுக்கப்பட்டிருந்த மக்களுக்காக அவர் செய்த அச்செயலில், பொருட்செலவோ ஆரவாரமோ இல்லை. ஆற்றிலிருந்து எடுத்த ஒரு கல், பாறையே பீடம், உறுதியான உள்ளம் ஆகியவை போதுமாக இருந்தன. நோக்கம் தூயதாக இருந்தால் எவ்வளவு குறைவான பொருளால் எவ்வளவு பெரிய செயல் நடக்கும் என்பதற்கு அருவிப்புறம் சான்று.

நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 1928 ஜனவரியில், கோட்டயத்தில் சிலர் சிவகிரி யாத்திரைக்கு அனுமதி வேண்டி அவரிடம் வந்தனர். யாத்திரிகர்களுக்கு மஞ்சள் உடை என்று முடிவாயிற்று. அதற்காகப் பட்டு வாங்கிச் செலவு செய்ய வேண்டாம்; இருக்கும் வெள்ளைத் துணியை மஞ்சளில் நனைத்துக்கொண்டால் போதும், மறுபடி வெளுத்து உடுத்தலாம் என்ற கருத்தில் குரு வழிகாட்டினார். அதோடு நில்லாமல், யாத்திரையின் நோக்கம் என்ன என்று கேட்டு, கல்வி, தூய்மை, இறைபக்தி, ஒற்றுமை அமைப்பு, விவசாயம், வணிகம், கைத்தொழில், தொழில்நுட்பப் பயிற்சி என எட்டு இலக்குகளை வகுத்தார். வேண்டாத செலவை ஒருபுறம் வெட்டினார். வேண்டிய பயனை மறுபுறம் ஏற்றினார். வீணைக் களைதல் என்பதன் முழு இலக்கணமும் இந்த ஒரு நிகழ்ச்சியில் அடங்கியிருக்கிறது. வெட்டுவது பாதி; வெட்டியதால் கிடைத்த இடத்தில் நல்லதை நடுவது மறு பாதி.

சுவாமி விவேகானந்தர் 1900 ஜனவரி 4 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் செயலின் இரகசியம் பற்றி ஆற்றிய உரையும் இங்கே நினைவுகூரத்தக்கது. இலக்கின் மீது செலுத்தும் அதே கவனத்தை வழிமுறையின் மீதும் செலுத்த வேண்டும் என்பதே அதன் மையக் கருத்து. பலனைப் பற்றிய கனவில் மூழ்கியிருப்பவரின் கை, செய்கின்ற வேலையில் தவறுகிறது; தவறியதை மீண்டும் செய்ய வேண்டி வருகிறது. பலனில் பற்று விட்டவரின் மனம் முழுவதும் செயலிலேயே குவிகிறது. ஒருமுறை செய்ததே போதுமானதாகிறது. பற்றின்மை என்பது அக்கறையின்மை அன்று. வீண் இல்லாத வேலைக்குப் பற்றின்மையே முதல் தேவை.

ஒரு மாதப் பயிற்சி

படித்ததைச் செயலில் காண்பதற்கு எளிய பயிற்சி ஒன்று கீழே தரப்படுகிறது. தனியாகவும் செய்யலாம், வாராந்தரச் சத்சங்கத்தில் கூடுபவர்கள் சேர்ந்தும் செய்யலாம். இல்லத்தரசியின் சமையலறை, ஆசிரியரின் வகுப்பறை, வணிகரின் கடை, அலுவலரின் மேசை ஆகிய எல்லா இடங்களுக்கும் இது பொருந்தும்.

முதல் வாரம்: எதையும் மாற்ற வேண்டாம். தினமும் பதினைந்து நிமிடம், தம் வேலையைச் சாட்சிபோல் நின்று நோக்குக. எங்கே காத்திருக்கிறோம், யாரைக் காக்க வைக்கிறோம், எதை இருமுறை செய்கிறோம் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதுக. பிறரது குறையை எழுத வேண்டாம்.

இரண்டாம் வாரம்: எழுதிய ஒவ்வொன்றையும் மூன்று கேள்விகளால் சோதிக்க. இது யாரைச் சென்றடைகிறது? இதை விட்டால் அவருக்கு இழப்பு உண்டா? இது தொடர்வதற்குக் காரணம் அவருடைய நன்மையா, அல்லது என் சோம்பலா, பெருமையா, அச்சமா? பாறசாலையின் பால் சோதனைபோல், மெதுவாயினும் பயனுள்ளவை சில தெரியவரும். அவற்றைப் போற்றுக.

மூன்றாம் வாரம்: ஒன்றே ஒன்றைத் தேர்ந்து களைக. அது பிறர் வேலையையும் தொடுமானால், அவரிடம் முன்கூட்டியே பேசுக. தம் மேசையிலிருந்து தள்ளிய சுமை அடுத்தவர் மேசையில் விழுமானால், அது களைதல் ஆகாது.

நான்காம் வாரம்: மிச்சமான நேரத்தை எங்கே நடுவது என்று முடிவு செய்க. தரத்தைக் கூட்டுவதற்கோ, இளையவர் ஒருவருக்குத் தொழில் கற்பிப்பதற்கோ, குடும்பத்தோடு அமர்வதற்கோ, தியானத்துக்கோ அது செல்லட்டும். நடாமல் விட்ட நிலத்தில் பழைய களையே மீண்டும் வளரும்.

சிந்தனைக்கு

1. "வழக்கம்" என்ற பெயரில் நம் பணியிடத்தில் தொடரும் எந்தச் செயலின் நோக்கம் முன்னமே மறைந்துவிட்டது? எந்தச் செயலின் நோக்கத்தை வேறு எளிய வழியில் நிறைவேற்றலாம்?

2. நாம் "தாமதம்" என்று குறை கூறும் எந்த வேலையில் உண்மையில் குழித்தறியின் நிதானம் இருக்கிறது?

3. நம் கையொப்பத்துக்காக, பதிலுக்காக, கொடுக்க வேண்டிய பணத்துக்காக இன்று யார் காத்திருக்கிறார்கள்?

மூன்றாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வது நல்லது. நம்மால் காக்க வைக்கப்பட்டிருக்கும் மனிதரிடமும் இறைவன் இருக்கிறான் என்று சாத்திரம் சொல்கிறது. அவருக்கு உரியதை இன்றே கொடுத்து முடிப்பவரின் பூஜை, மலர் எடுக்குமுன்பே தொடங்கிவிடுகிறது.